ஜே.என். என்கிற ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வந்தி அண்ணி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம். இதைக் கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திகைக்கவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மறைத்ததால் வந்த வம்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்த வம்பில் பாதி நான் இழுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன். யார்மேல் எரிச்சல் என்று கேட்டால், முதலில் என்மேல், அப்புறம் அய்யனார் அண்ணன்மேல்.

அய்யனார் அண்ணனும் நானும் நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் பார்க்கிறவர்கள். வெட்டியெடுத்த நிலக்கரி கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட்டில் ஓடும். பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கான ரோலர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஓரமாக நடந்துகொண்டே காதைக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. கெட்டுப்போகப் போகிற ரோலர் லேசாக முனகும். முனகினால் குறித்துக்கொள்ள வேண்டும். நிலைமை மோசம் என்று பட்டால் பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். நின்றதும் ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று நாலு பக்கமிருந்தும் போன் வரும். அதனால் நாங்கள் எல்லாரும் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் யோசிப்போம். அண்ணன் மட்டும் யோசிக்க மாட்டார்.

அவர் சுபாவமே அப்படி. ஊரைக் காக்கிற சாமியின் பெயரை வைத்துவிட்டார்கள், அவரும் ஒரு நிமிஷம் காவலை விடவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் போர்டைப் படிப்பார், கண்டக்டரைக் கேட்பார், ஏறி உட்கார்ந்தபிறகு பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கப் போனால் வியாபாரி தட்டிக் காட்டுவதைப் பார்க்கவே மாட்டார். "அவன் தட்ற எடத்துல மட்டும் பழுத்திருக்கும்டா" என்பார். பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்று, அதை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டாவது ஆள் நான். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததும், மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டு படிக்கிறார்களோ என்று எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒரு தடவை அவர் சந்தேகம் பலித்துவிட்டது. யார் காதுக்கும் கேட்காத ஒரு சத்தத்துக்காகக் கயிற்றை இழுத்தார். ஆள்விட்டுப் பார்த்தால் பெல்ட்டின் அடிப்பக்கம் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் மொத்தமும் நாசமாகியிருக்கும். அந்த வருஷ பாதுகாப்பு வாரத்தில் மேடையேற்றி ஒரு சால்வையும் ஃபிளாஸ்க்கும் கொடுத்தார்கள். அதுவரை குணமாக இருந்த சந்தேகம் அதற்குப்பிறகு தகுதியாகிவிட்டது. "கேட்டுச்சா ஜாகிரு?" என்று எதற்கெடுத்தாலும் காதைத் தொட்டுக் காட்டுவார். எனக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் தலையாட்டுவேன்.

இனி அண்ணி. சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம். ஒரே மகள் இசைப்பிரியா, விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மகள் படிக்கப் போன வருஷம் அண்ணியும் தபால்வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தார். தமிழ்ப் பேப்பர் எல்லாவற்றிலும் பாஸ். ஆங்கிலம் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. இரண்டாவது தடவை போனபோது அண்ணன், "போதும் வுடு, இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்றார். அண்ணி விட்டுவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவர் விடவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் அவருக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் பட்டத்தோடு வந்தால் அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. பழைய பாடத்திட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் அறிவித்துவிட்டார்கள். பாடம் என்ன தெரியுமா? உலகத்தில் பெரிய பெரிய தலைவர்கள் பேசிய புகழ்பெற்ற சொற்பொழிவுகள். நாலு சொற்பொழிவு, அதிலிருந்து பத்து மார்க் கேள்விகள். இதெல்லாம் பிற்பாடு என் வீட்டுக்காரி ஆசிஃபாவிடம் அண்ணி சொன்னது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணனுக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் அண்ணி படிப்பார். உச்சரிப்பு பிடிபடுவதற்காக அந்தச் சொற்பொழிவுகளைப் போனில் ஓடவிட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பரமசிவம், ரிட்டயராகி மகனோடு இருப்பவர், தூக்கம் வராதவர். ஒருநாள் காலையில், அந்த வார நைட் ஷிப்ட் எல்லாம் முடித்து வந்த அண்ணனைக் கேட்டில் நிறுத்தினார்.

"அய்யனாரு, தப்பா எடுத்துக்காத. நீ இல்லாதப்ப உங்க வூட்ல ஆம்பள கொரலு கேக்குதுப்பா. இங்கிலீஷ்ல பேசறான். அவன் ஒண்ணு சொல்றான், உம்பொண்டாட்டி அதையே திருப்பிச் சொல்லுது."

கூடவே கைதட்டல் சத்தமும் கேட்டிருக்க வேண்டும். அதைப் பரமசிவம் சொல்லவில்லை. கேட்டதில் பாதியை மட்டும் சொல்கிற ஆட்களால்தான் பாதி குடும்பம் கெடுகிறது.

அண்ணன் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அண்ணி கடைக்குப் போன நேரத்தில் வீட்டைத் துழாவினார். அரிசி டின்னுக்குப் பின்னால் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மறுநாள் பெல்ட்டுக்கு வந்தார். டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜாகிரு, நீ ஐ.டி.ஐ. படிச்சவன். இதுல இன்னா எழுதிக்கிதுன்னு படி."

நான் ஐ.டி.ஐ.யில் படித்தது ஃபிட்டர் வேலை. ஆங்கிலம் இல்லை. ஆனால் ஒருவர் நம்பிக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? போனை எடுத்தேன், பென்சிலை எடுத்தேன். நோட்டில் வாக்கியமாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பத்தியையும் ஞாபகம் வைத்துக்கொள்ள அதில் முக்கியமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் அண்ணி எழுதி வைத்திருந்தார். அது அவர் படிக்கிற முறை. எங்களுக்கு அது சங்கேத மொழியாகத் தெரிந்தது. பக்கத்தின் மேலே ஆள் பெயர்கூட முழுசாக இல்லை, இனிஷியல் மட்டும்தான். முதல் பக்கத்தில் ஜே.என்.

ஜே.என்.னுக்குக் கீழே முதல் சொல் 'ட்ரிஸ்ட்'. போனில் போட்டுப் பார்த்தேன். 'காதலர்கள் ரகசியமாகச் சந்திப்பதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு' என்று வந்தது. இன்னொரு அகராதியில் போட்டேன். அதுவும் அதையேதான் சொன்னது.

"இன்னாடா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்லண்ணே, அர்த்தம் சரியா வரல."

"படிடா."

படித்தேன். சொல்லுக்கு மேலே பென்சிலால் எழுதியும் வைத்தேன், அறிவாளி இல்லையா நான். அடுத்த வரி, 'நள்ளிரவு மணி அடிக்கும்போது'. அதற்கடுத்து, 'உலகம் தூங்கும்போது'. அதற்கும் கீழே, 'பழையதிலிருந்து புதியதற்கு அடியெடுத்து வைக்கிறோம்'.

"பழசு யாருடா?" என்றார். நான் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்தில் எம்.எல்.கே. என்று இருந்தது. 'எனக்கொரு கனவு' என்று தொடங்கி 'கடைசியில் விடுதலை' என்று முடிந்தது. எம்.எல்.கே. என்பது ஏதோ ப்ரைவேட் பஸ்ஸின் பெயர், அந்த பஸ்ஸில்தான் கிளம்பப் போகிறார்கள் என்று முடிவு கட்டினோம். அதற்கடுத்த பக்கம் டபிள்யூ.சி. அது கக்கூஸ் பற்றிய குறிப்பு என்று நினைத்து மேலே 'பாத்ரூம்?' என்று எழுதினேன். கீழே 'ஒருபோதும் சரணடைய மாட்டோம்' என்று இருந்தது. பாத்ரூமுக்கும் சரணடைவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தனாவது யோசித்திருக்க வேண்டாமா? நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். யோசிக்கவில்லை.

அண்ணன் யோசித்ததெல்லாம் ஜே.என். யார் என்றுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அதுவும் கிடைத்துவிட்டது. எதிர்த் தெருவில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் பலகை, 'ஜெ. நெடுமாறன்'. சப்ஸ்டேஷனில் எலக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவர், தினமும் ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறவர். எனக்குப் போன் வந்தது.

"ஜெ. நெடுமாறன். ஜே.என். கேட்டுச்சா ஜாகிரு?"

இந்தத் தடவை எனக்கும் கேட்டது. அதுதான் வெட்கம். அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிற ஊரில் ஜே.என். வேறு யாராக இருக்க முடியும்? மறுநாள் நோட்டை வாங்கி, ஜே.என்.ஐச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'நெடுமாறன்?' என்று நானே எழுதினேன்.

அடுத்த இரண்டு நாள் அண்ணன் அந்த மனுஷனை விடவில்லை. பால் பூத்தில் நிறுத்தி, "தம்பி, உனக்கு நைட்ல தூக்கம் நல்லா வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்கண்ணே. ஏங்க?"

"சும்மா. சில பேருக்கு உலகம் தூங்கும்போது வராது."

நெடுமாறன் என்னிடம் வந்து, அய்யனார் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். சரியில்லைதான் என்றேன்.

வீட்டில் அண்ணி நோட்டைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு இரண்டே நாள். "மாமா, நீல அட்ட போட்ட நோட்டு ஒண்ணு பாத்தியா?" என்று கேட்டாராம். இன்னா நோட்டு என்று அண்ணன் கேட்டதற்கு, "சும்மா, கோலம் போட்டுப் பாக்கறது" என்றாராம். அண்ணன் மறுநாள் அதை என்னிடம் சொன்னார். "பொய் சொல்றாடா. இருபது வருசத்துல எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல." உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது. அவர் சந்தேகப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன், பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி போய்விட்டால் அந்த வீட்டில் அந்த மனுஷனுக்கு வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. பண்ருட்டியில் உறவுக்கார வீராயி அக்கா வீட்டில் காதுகுத்து என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பியிருக்கிறார். நெடுமாறனும் அன்றைக்கு லீவு, விடியற்காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். "நீ வண்டி எடுத்துக்கினு வா. என்னால ஓட்ட முடியாது" என்றார் அண்ணன்.

பஸ்ஸுக்குப் பின்னால் என் பைக்கில் போனோம். பண்ருட்டியில் இறங்கி அண்ணி ஆட்டோ பிடித்தார். ஆட்டோ ஒரு காலேஜ் வாசலில் நின்றது. வாசலில் ஐம்பது அறுபது பேர், பெரும்பாலும் வயசானவர்கள், கையில் பேப்பரை வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி. அண்ணி யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே போகப் பார்த்தோம். வாட்ச்மேன் கம்பை நீட்டினார்.

"பரிச்ச எழுதறவங்க மட்டுந்தான் உள்ள."

"அண்ணே, பரிச்சண்ணே" என்றேன். அண்ணன் அசரவில்லை.

"பரிச்சன்னா என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? காதுகுத்துன்னு ஏன் சொல்லணும்?" என்றவர் வாட்ச்மேனிடம் திரும்பி, "இந்த காலேஜிக்குப் பின்னால வழி இருக்குதா?" என்று கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வெயிலில் மதில் சுவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது மரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே எழுதுகிற தங்கைக்காகக் காத்திருப்பவர். மடியில் ஒரு கைடு. இரவல் வாங்கிப் புரட்டினேன். முதல் சொற்பொழிவுக்கு மேலே தொப்பியும் ரோஜாப்பூவுமாக ஒரு படம். நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த படம். கீழே பெயர், ஜவஹர்லால் நேரு.

அண்ணன் வந்ததும் அதைக் காட்டினேன். "அண்ணே, ஜே.என். இவருதான். சுதந்தரம் வந்த அன்னிக்கு ராத்திரி பேசினது. ட்ரிஸ்ட்டுன்னு இவருதான் சொல்லிக்கிறாரு. நாம விதியோட பண்ணிக்கினது, ஆளோட இல்ல. எம்.எல்.கே.யும் டபிள்யூ.சி.யும்கூட வெளிநாட்டுத் தலைவருங்கதான்."

அந்தப் படத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் மனுசனே இல்லடா" என்றார். நிம்மதியில் சிரித்தார், அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது முட்டாள்தனத்தையும் செய்தேன். "அண்ணி வந்து கேட்டா, கூட்டிக்கினு போக வந்தேன்னு சொல்லுங்கண்ணே. சந்தோசப்படுவாங்க" என்றேன். வேவு பார்த்தவரை உடனே பொய் சொல்லவும் வைத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து அண்ணி வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா! நீ எப்பிடி இங்க?"

"உன்ன கூட்டிக்கினு போலாம்னுதான்."

அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கேள்வித்தாளைப் பிரித்துக் காட்டினார். எதை எழுதினார், எதை விட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னார். "நோட்டு காணாமப் பூட்டதால ஒண்ணுல தடுமாறிட்டேன் மாமா. ஆனா எழுதிட்டேன். இந்தத் தடவ வந்துரும்." நிறுத்திவிட்டு, "நான் எழுதன எந்தப் பரிச்சைக்கும் வாசல்ல யாரும் வந்து நின்னதில்ல தெரியுமா?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. அண்ணி, "இப்பிடி வெயில்ல நின்னுக்கினு கெடக்கறியே" என்று அவர் தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டார், துடைத்துவிடத் துண்டு எடுக்க. துண்டோடு நீல நோட்டும் வந்தது.

நான் அதைப் பிடுங்கியிருக்கலாம். கை வரவில்லை. அண்ணி முதல் பக்கத்தைத் திருப்பினார். ட்ரிஸ்ட்டுக்கு மேலே என் பென்சில் எழுத்தைப் படித்தார். ஜே.என்.ஐச் சுற்றி இருந்த வட்டத்தைப் பார்த்தார். 'நெடுமாறன்?' என்பதைப் படித்தார். ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"யாரு எழுதனது?"

"நான்தான் அண்ணி."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ மூணு மணி நேரமா எவன் வருவான்னு பாத்துக்கினு நின்னியா மாமா?"

"நீ சொல்லியிருக்கலாம் இல்ல செவ்வந்தி?"

"சொல்லியிருந்தா, யாருக்குக் காட்டப் படிக்கறன்னு கேட்டிருப்ப. ஏற்கெனவே கேட்டவன்தான நீ? அந்தக் கேள்விக்கு எந்தக் கைடுலயும் பதில் இல்ல."

துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே மாதிரி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார். நாங்கள் பின்னால் போகவில்லை. நெடுமாறன் அன்றைக்கு நெல்லிக்குப்பத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார் என்று மறுநாள் தெரிந்தது. பெண் பிடித்துவிட்டதாம், எங்கள் இரண்டு பேருக்கும் அவர் கையாலேயே இனிப்பு கொடுத்தார்.

அண்ணி பாஸ் பண்ணிவிட்டார், ஐம்பத்து மூன்று மார்க். வேலையும் கிடைத்தது. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சமைத்தார், பேசினார், சிரிக்கவும் செய்தார். அண்ணனும் மாறித்தான் போயிருந்தார். பரமசிவம் இன்னொரு நாள் எதையோ சொல்ல வாயெடுத்தபோது, "எங்க வூட்ல யாரு பேசனாலும் உனுக்கு இன்னா?" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். வேலைக்குப் போகிற முதல் நாள் அண்ணி புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அண்ணன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

"ஏறு. சேத்தியாத்தோப்பு வரைக்கும் கொண்டாந்து வுடறேன்."

"எதுக்கு?" என்று கேட்டாராம் அண்ணி.

"சும்மாதான். மொத நாளு இல்ல?"

அண்ணி அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாராம். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி.

"சும்மாதான்னு நம்பலாம்னுதான் பாக்கறேன் மாமா. வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தாராம்.